மருந்துச் சர்க்கரையும் ஆசைச் சர்க்கரையும்

டைப் 1 சர்க்கரை நோய் வந்த குழந்தையின் வீட்டில் சர்க்கரைக்கு இரண்டு வேலை உண்டு. ரத்தத்தில் குளுக்கோஸ் திடீரென இறங்கும்போது பிள்ளையைக் காப்பாற்றுவது அதுதான். கணக்கில்லாமல் உள்ளே போனால் மீட்டரில் 300, 400 என்று ஏறி நிற்பதும் அதனால்தான். காலையில் "தொடாதே" என்று கையைத் தட்டிவிட்ட அம்மாவே, ராத்திரி 2 மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பி அதே டப்பாவிலிருந்து எடுத்து வாயில் ஊட்டுகிறார். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதில் எது சரி, எது தப்பு என்று எப்படிப் புரியும்?

மதுரையில் குழந்தைகளுக்கான சர்க்கரை நோய்ப் பிரிவில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என் வேலையின் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். இன்சுலின் அளவை டாக்டர் எழுதித் தருகிறார். ஊசி போடுவதை நர்ஸ் கற்றுத் தருகிறார். இனிப்பு எப்போது மருந்து, எப்போது உணவு என்று ஒரு குடும்பம் பிரித்தறியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் பொறுப்பு. இந்தப் பிரிப்பு ஒரு வீட்டில் நிலைத்துவிட்டால் மற்ற எல்லாம் மெல்ல மெல்லச் சரியாகும். இத்தனை காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இது.

உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்திலுள்ள பீட்டா செல்களை அழித்துவிடுவதால் வருவது டைப் 1. கர்ப்பத்தில் அம்மா இனிப்பு சாப்பிட்டதாலோ, மாமா மிட்டாய் வாங்கிக் கொடுத்ததாலோ வருவதில்லை. இதை முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். கூட வந்திருக்கும் அப்பத்தா, அம்மாச்சி மனசில் யாரையாவது குற்றம் சொல்லும் எண்ணம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும். அது மருமகள் மேல் இறங்குவதற்குள் தடுத்தாக வேண்டும்.

அடுத்துச் சொல்ல வேண்டியது இன்சுலினைப் பற்றி. நோயில்லாத உடம்பில் குளுக்கோஸ் இறங்கத் தொடங்கியதுமே கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஊசி வழியாகப் போன இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. பிள்ளை இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாலும், பி.டி. பீரியடில் கபடி ஆடினாலும், போட்ட அளவுக்கு அது வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் குளுக்கோஸ் 70 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் உடனே கவனிக்க வேண்டும். 54க்குக் கீழே போனால் மூளைக்கே தட்டுப்பாடு. சிறு பிள்ளைகளின் மூளை உடம்பளவோடு பார்க்கையில் பெரியது, அதற்குக் குளுக்கோஸும் அதிகம் வேண்டும். கல்லீரலில் இருக்கும் சேமிப்போ கொஞ்சம். அதனால்தான் பிள்ளைகளுக்கு இறக்கம் சீக்கிரம் வருகிறது. இதைப் பெற்றோரும் நாங்களும் 'லோ' என்றே சொல்கிறோம்.

இன்சுலின் வருவதற்கு முந்தைய காலத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அமெரிக்காவில் பிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர், சிறுநீரில் சர்க்கரை வராத அளவுக்கு உணவைக் குறைத்துக் குறைத்து நோயாளிகளின் ஆயுளைக் கொஞ்சம் நீட்டிவந்தார். அன்றைக்கு வேறு வழி இல்லை. 1919ல் வெளியான அவருடைய நூலில் 12 வயதுப் பையன் ஒருவனைப் பற்றிய பதிவு இருக்கிறது. பார்வை போய், படுக்கையை விட்டு எழ முடியாத பலவீனத்தில் இருந்தவன். இவ்வளவு கட்டுப்பாட்டிலும் சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பற்பசையைத் தின்றிருக்கிறான். ஆசையாகக் கேட்டு வாங்கி வைத்திருந்த கானரிப் பறவையின் கூண்டிலிருந்து தானியத்தை எடுத்துத் தின்றிருக்கிறான். ஒளித்துவைத்துத் தின்னும் பிள்ளையைத் "திருட்டுப் புத்தி" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தப் பையன் ஞாபகம் வரும். பசித்த உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சுக்கு அங்கே இடமில்லை.

1922 ஜனவரி 11 அன்று டொரான்டோவில் 14 வயது லியனார்ட் தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அது சரியாகப் பலிக்கவில்லை. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் சுத்திகரித்துக் கொடுத்த மருந்தை 23ஆம் தேதி போட்டபோது பலித்தது. அதே காலிப்தான், இன்சுலின் அதிகமான முயல்கள் வலிப்பு வந்து விழுவதையும், குளுக்கோஸ் செலுத்தியதும் அவை எழுந்துவிடுவதையும் கண்டவர். ஆக, இன்சுலினும் அதற்கு முறிவான குளுக்கோஸும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே சமயத்தில் கைக்கு வந்தவை. இன்சுலின் சீட்டு வாங்கிப் போகும் ஒவ்வொரு வீட்டுக்கும் குளுக்கோஸ் பாக்கெட்டும் கூடவே போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான்.

இனி அன்றாட வேலைக்கு வருகிறேன். "மேடம், புள்ள எந்நேரமும் இனிப்பு இனிப்புன்னு ஏங்குது" என்று அம்மாக்கள் வந்து சொல்வார்கள். அந்த ஏக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பதில் சொல்லக் கூடாது. குறைந்தது ஐந்து இடங்களிலிருந்து அது வரும்.

முதலாவது, உண்மையான லோ. குளுக்கோஸ் இறங்கும்போது அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், பசி பிய்த்து எடுக்கும். அந்த நேரத்தில் பிள்ளை இனிப்பு கேட்பது உடம்பின் அவசரக் குரல். இரண்டாவது இதற்கு நேர்மாறானது. சர்க்கரை 300க்கு மேல் நிற்கும்போதும் பசிக்கும். ரத்தத்தில் குளுக்கோஸ் நிரம்பி வழிந்தும், இன்சுலின் போதாததால் செல்களுக்குள் போய்ச் சேராது. உடம்பு பட்டினியில்தான் கிடக்கிறது. இந்தப் பிள்ளைக்குத் தேவை இன்சுலினும் தண்ணீரும்.

மூன்றாவது, நோய் கண்டுபிடித்த பிறகு வரும் அகோரப் பசி. எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்த பிள்ளை, இன்சுலின் ஆரம்பித்ததும் இழந்த எடையைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும். சில வாரங்களுக்கு எவ்வளவு போட்டாலும் அடங்காது. அந்தச் சமயத்தில் "டயட்" என்று சொல்லிச் சோற்றைக் குறைப்பது பெரிய கொடுமை. சோறு, பருப்பு, முட்டை, காய் எல்லாம் தாராளமாகக் கொடுத்து, அதற்குத் தக்க இன்சுலினை டாக்டரிடம் கேட்டு வாங்குவதே முறை. நான்காவது, இன்சுலின் அளவு தேவைக்கு மேல் இருப்பது. அப்போது நாள் முழுக்க லோ தட்டிக்கொண்டே இருக்கும். அம்மாவும் நாள் முழுக்க ஏதாவது ஊட்டிக்கொண்டே இருப்பார். பிள்ளை குண்டாகும், ஆனால் அளவு நிலைக்கு வராது. வாரத்தில் பல முறை லோ வந்தால் டப்பாவில் இருக்கும் இனிப்பைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். ஐந்தாவது, எல்லாக் குழந்தைகளுக்கும் இருக்கிற சாதாரண ஆசை. தங்கச்சி தேன்மிட்டாய் சப்புகிறாள், எனக்கும் வேண்டும். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இந்த ஐந்தையும் முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால் முதலில் குத்திப் பார்க்க வேண்டும். இனிப்பு கேட்டவுடன் விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்து அளவு பார்ப்பது அந்த வீட்டின் பழக்கமாக வேண்டும். ஆனால் மீட்டர் அந்த வீட்டுப் போலீஸ் ஆகிவிடக் கூடாது. அளவு 180 என்று வந்தால் "பொய்தானே சொன்ன?" என்று கேட்கும் அப்பாக்களிடம் ஒரு விவரம் சொல்வேன். 350ல் இருந்த சர்க்கரை வேகமாக 150க்கு இறங்கினால், எண் நன்றாக இருந்தாலும் பிள்ளைக்கு லோ வந்த மாதிரியே நடுங்கும், வியர்க்கும். உயர்ந்த அளவுக்குப் பழகிப்போன உடம்பு அந்த இறக்கத்தையே ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. பிள்ளை பொய் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லி, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தால் போதும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் லோ ஒவ்வொரு விதமாக முகம் காட்டும். ஒருத்திக்கு மேலுதட்டில் வியர்வை பொடிக்கும். ஒருவன் காரணமில்லாமல் தம்பியை அடிப்பான். ஒரு பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுப்பாடம் எழுதும்போது எழுத்து கோடு தாண்டிக் கோணிப்போவதை வைத்தே ஓர் அம்மா கண்டுபிடித்துவிடுவார். பேசத் தெரியாத இரண்டு வயசுக் குழந்தை சிணுங்கும், இல்லாவிட்டால் வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிடும். இவற்றை ஒரு நோட்டில் தேதியும் அளவும் போட்டு எழுதிவைக்கச் சொல்வேன். சில வாரங்களில் அந்த நோட்டு அந்தப் பிள்ளைக்கென்றே எழுதிய பாடநூலாகிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லோ அடிக்கடி வந்தால் உடம்பு எச்சரிக்கை கொடுப்பதையே குறைத்துக்கொள்ளும், 50க்குப் போனாலும் பிள்ளைக்குத் தெரியாது. சில வாரங்கள் லோ வராமல் பார்த்துக்கொண்டால் அந்த உணர்வு பெரும்பாலும் திரும்பி வரும்.

குத்திப் பார்த்ததில் 62 என்று வருகிறது. இப்போது என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது? பெரியவர்களுக்கு 15 கிராம் குளுக்கோஸ் என்பது பொது விதி. குழந்தைகளுக்கு எடைக்குத் தகுந்த கணக்கு: ஒரு கிலோ எடைக்கு 0.3 கிராம். 15 கிலோ பிள்ளைக்கு 4.5 கிராம், 30 கிலோ பிள்ளைக்கு 9 கிராம், 50 கிலோ வந்த பிறகுதான் 15 கிராம். எவ்வளவு குறைவு என்று பாருங்கள். பயத்தில் நாம் கொடுப்பது இதைப்போல் மூன்று மடங்கு, நான்கு மடங்கு.

இதற்கு நான் சொல்லித்தரும் வழி பொட்டலம். பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரணக் குளுக்கோஸ் பொடியை வாங்கி, சின்ன எடைமிஷினில் பிள்ளையின் எடைக்கான அளவை நிறுத்து, குட்டி ஜிப் கவர்களில் போட்டு மூடிவைக்க வேண்டும். காகிதத்தில் மடித்தால் மழைக்காலத்தில் பொடி ஈரம் கோத்துக் கட்டியாகிவிடும். ஒவ்வொரு கவர் மேலும் பிள்ளையின் பெயரையும் 'லோ மருந்து' என்றும் எழுத வேண்டும். தலையணைப் பக்கம், ஸ்கூல் பை, அப்பாவின் வண்டி, அப்பத்தா வீடு என்று எல்லா இடத்திலும் இரண்டு பொட்டலம் இருக்கட்டும். ராத்திரி அரைத் தூக்கத்தில் கை நடுங்கும்போது யாரும் கரண்டியால் அளந்துகொண்டிருக்க முடியாது. பிள்ளையின் எடை ஏற ஏற, பொட்டலத்தின் அளவையும் மாற்ற வேண்டும்.

ஏன் கடலை மிட்டாய் கொடுக்கக் கூடாது என்று கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாத்தா கேட்டார். நல்ல கேள்வி. கடலையில் கொழுப்பும் புரதமும் இருப்பதால் வயிற்றிலிருந்து சர்க்கரை மெல்லத்தான் இறங்கும். சாக்லேட், பால்கோவா, ஐஸ்கிரீம், பிஸ்கட் எல்லாமும் அப்படியே, அவசரத்துக்கு உதவாது. வெள்ளைச் சர்க்கரையில் பாதிதான் குளுக்கோஸ், மீதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸ் பொடி கைவசம் இல்லாதபோது சர்க்கரைத் தண்ணீரைக் கொடுக்கலாம். தேனும் அந்த வகைதான். ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் எதற்காகவும் கூடாது. 'சுகர் ஃப்ரீ' என்று போட்ட குளிர்பானம் லோவுக்கு எந்த விதத்திலும் பயன்படாது.

குளுக்கோஸ் கொடுத்தாகிவிட்டது. அதற்கடுத்த பதினைந்து நிமிஷம்தான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. பொடி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்ச் சேரும்வரை பிள்ளைக்குப் பசி அடங்காது. "இன்னும் தா, இன்னும் தா" என்று அழும். அம்மாவுக்குக் கை துறுதுறுக்கும். இன்னொரு கரண்டி, அப்புறம் ஒரு லட்டு, மேலே ஒரு டம்ளர் பால். ஒரு மணி நேரத்தில் மீட்டர் 320 காட்டும். மறுபடி ஊசி, மறுபடி இறக்கம். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் பல.

அந்தப் பதினைந்து நிமிஷத்தை எதனால் நிரப்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்யச் சொல்வேன். மடியில் உட்காரவைத்து ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடும் அம்மா இருக்கிறார். ஓர் அப்பா மகனைக் கடிகார முள்ளைப் பார்க்கவைத்து நிமிஷத்துக்கு ஒரு ஊர் பெயர் சொல்லச் சொல்வார்: மதுரை, திருமங்கலம், விருதுநகர், சாத்தூர். கோவில்பட்டி தாண்டுவதற்குள் பையனுக்கு முகம் தெளிந்துவிடும். "இப்ப குடுத்தாச்சு கண்ணு, உள்ளே போயிட்டிருக்கு, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்று பெரியவர் பதறாத குரலில் சொல்வதும் வைத்தியத்தில் ஒரு பகுதி. நேரம் முடிந்ததும் மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். 70க்கு மேல் ஏறவில்லை என்றால் இன்னொரு பொட்டலம். ஏறிவிட்டது, ஆனால் அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்றால் ஓர் இட்லியோ இரண்டு பிஸ்கட்டோ கொடுக்கலாம். ராத்திரி நேரமானால் கடைசியில் வாய் கொப்பளிக்கவைக்க வேண்டும். தூக்கத்தில் அடிக்கடி குளுக்கோஸ் சாப்பிடும் பிள்ளைகளுக்குப் பல் சொத்தையாவதை நிறையப் பார்க்கிறேன்.

பிள்ளை மயங்கிவிட்டால், வலிப்பு வந்தால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி வீட்டில் இருந்தால் போட்டுவிட்டு, 108க்குப் போன் செய்ய வேண்டும். குளுக்ககான் விலை அதிகம், எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதுமில்லை. அதனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, ராத்திரியில் வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைக்கச் சொல்வேன். ஒருமுறை வலிப்பைப் பார்த்துவிட்ட அம்மா, அப்புறம் பயத்திலேயே பிள்ளையின் சர்க்கரையை 250க்குக் குறையவிடாமல் வைத்திருப்பார். அவரைக் கடிந்துகொள்வதில் அர்த்தமில்லை. அந்தத் தாளும் பொட்டலங்களும் கையில் இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாக 200க்கும், அப்புறம் 150க்கும் வர அவருக்குத் தைரியம் வரும்.

பிரித்து வைப்பதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். தினமும் சாயங்காலம் தங்கச்சி முறுக்கும் மிட்டாயும் தின்னும் நேரத்துக்குச் சரியாக "எனக்கு லோ" என்று சொல்லும் ஒரு பையன் வந்தான். குத்திப் பார்த்தால் 170, 190. அந்த வீட்டில் லோ வந்தால் சாக்லேட் கொடுப்பார்கள், மற்ற நேரத்தில் இனிப்புக் கண்ணிலேயே காட்டமாட்டார்கள். லோ வந்தால்தான் இனிப்பு என்று அவர்களே கற்றுக்கொடுத்திருந்தார்கள், அவன் கற்றுக்கொண்டான். இரண்டு மாற்றங்கள் செய்தோம். லோவுக்கு இனி வெறும் குளுக்கோஸ் பொடி மட்டும். அதில் ருசியும் கிடையாது, கொண்டாட்டமும் கிடையாது, மருந்து மருந்தாகவே இருக்கும். சாயங்காலம் தங்கச்சியோடு உட்கார்ந்து அவனும் தின்பண்டம் சாப்பிடுவான். அதற்கான இன்சுலினை டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்தச் சாயங்கால லோக்கள் தானாக நின்றுபோயின.

ஆசைச் சர்க்கரைக்கு வழி உண்டு, அது கணக்கின் வழி. நடுத்தர இட்லி ஒன்றில் 12 முதல் 15 கிராம் மாவுச்சத்து இருக்கும். அதிரசத்தில் எவ்வளவு? சமையலறையிலேயே கண்டுபிடிக்கலாம். அரை கிலோ பச்சரிசி, 400 கிராம் வெல்லம் போட்டுச் செய்தால் இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 750 கிராம் மாவுச்சத்து. 30 அதிரசம் வந்தால் ஒன்றுக்கு 25 கிராம். ஆக, ஓர் அதிரசம் இரண்டு இட்லிக்குச் சமம். தீபாவளிக் காலையில் நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லியும் ஓர் அதிரசமும் என்று வைத்தால் வழக்கமான ஊசியிலேயே அடங்கிவிடும். எண்ணெயில் பொரித்ததால் சர்க்கரை கொஞ்சம் தாமதமாக ஏறும், அதையும் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றில் தனியாகத் தின்பதைவிடச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்பது எப்போதும் நல்லது. சாப்பாட்டு நேர ஊசியை உணவுக்கேற்ப மாற்றிப் போடும் முறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு, ஒரு யூனிட் இத்தனை கிராமுக்கு என்று டாக்டர் குறித்துக் கொடுத்திருப்பார். அவர்களுக்கு இது இன்னும் சுலபம்.

கருப்பட்டி விஷயத்தில் அப்பத்தாக்களோடு நான் சண்டை போடுவதில்லை. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு எல்லாமே பெரும்பாலும் சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையைப் போலவே அவையும் ரத்தத்தில் ஏற்றும். "நல்லதுதான் அப்பத்தா, ஆனா இதையும் கணக்குல சேர்த்துக்கணும்" என்பேன். பணியாரத்தில் போட்ட கருப்பட்டியை அவரே நிறுத்துச் சொல்லுமாறு கேட்பேன். வீட்டில் மூத்தவர் கணக்குக்குள் வந்துவிட்டால், முந்தானையில் முடிந்து ரகசியமாகக் கொடுப்பது நின்றுவிடும்.

ஒளித்துத் தின்பதற்கும் மருந்து இந்தக் கணக்குதான். மெத்தைக்கு அடியில் சாக்லேட் தாள் கிடந்தால் "யார் தின்னது?" என்று ஆரம்பிக்க வேண்டாம். "எவ்வளவு சாப்பிட்ட, எப்ப சாப்பிட்ட? ஊசிக்கு அளவு தெரியணும், அதுக்குத்தான் கேக்கறேன்" என்று கேட்கலாம். சொன்னால் திட்டு விழாது என்று பிள்ளை சில தடவை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பும். மறைத்துத் தின்றதற்கு ஊசி போட வழியில்லை. தெரிந்து தின்றதற்கு உண்டு.

எங்கள் பக்கம் பல பிள்ளைகள் இன்னமும் காலையும் இரவும் இரண்டு வகை இன்சுலினைக் கலந்து போட்டுக்கொள்கிறார்கள். ரெகுலர் இன்சுலின் 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். காலை 7.30 ஊசிக்கு அந்த உச்சம் இன்டர்வெல் நேரத்தில் வருகிறது. 10.30 மணிக்குச் சாப்பிடும் சுண்டலோ பிஸ்கட்டோ அந்தப் பிள்ளைக்கு வைத்தியம். பரிட்சையென்றும் பஜனையென்றும் அதைத் தள்ளிவைத்தால் லோ வரும். என்.பி.எச். என்ற பால் நிற இன்சுலின் இன்னும் தாமதமாக ஏறும். இரவு 7 மணிக்குப் போட்டால் நடுராத்திரியில் உச்சம். மாலையில் ஓடியாடியிருந்தால் தசைகள் செலவழித்த சேமிப்பை இரவில் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆட்டம் முடிந்து 7 முதல் 11 மணி நேரம் கழித்துக்கூட லோ வரலாம். இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் ஆபத்து. விளையாட்டு விழா நாளில் படுக்கும் முன் அளவு பார்ப்பது, ஒரு டம்ளர் பாலோ ஒரு சப்பாத்தியோ கூடுதலாகக் கொடுப்பது, 2 மணிக்கு அலாரம் வைப்பது, இரவு ஊசியைக் குறைக்கலாமா என்று டாக்டரைக் கேட்பது எல்லாம் அதற்காகத்தான். பிள்ளையை விளையாடாதே என்று மட்டும் நிறுத்திவிடக் கூடாது.

காய்ச்சல், வாந்தி வரும் நாட்கள் வேறு மாதிரி. பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லை என்று ஊசியை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். அளவை டாக்டரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ளலாம், விட்டுவிட முடியாது. அளவு இறங்கியிருந்தால் சர்க்கரை கலந்த தண்ணீரையும், ஏறியிருந்தால் சர்க்கரை இல்லாத தண்ணீரையும் ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு என்று கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கொரு முறை குத்திப் பார்த்துக்கொண்டு, வாந்தி நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு நான் எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் மூன்றே வேண்டுகோள். பிள்ளை பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும், வகுப்பு நடக்கும்போதே சாப்பிட விடுங்கள். லோ என்று சொன்ன பிள்ளையைத் தனியாக எங்கும் அனுப்பாதீர்கள். தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் தடை சொல்லாதீர்கள். டைப் 1 பிள்ளைகள் பொதுத் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, சாக்லேட், பழம், தண்ணீர் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ்.இ. 2017லேயே அனுமதித்தது. ஆசிரியர்களிடம் இதைச் சொன்னால் கடிதத்தின் எடை கூடுகிறது. நவம்பர் 14 நம் நாட்டில் குழந்தைகள் தினம். இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரெடரிக் பேண்டிங்கின் பிறந்தநாளும் அதுதான் என்பதால் உலக நீரிழிவு தினமும் அன்றைக்கே வருகிறது. அன்று வகுப்பில் கொடுக்கும் மிட்டாயை எங்கள் பிள்ளைகளும் கைநீட்டி வாங்க வேண்டும். பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ராத்திரிச் சாப்பாட்டோடு கணக்கில் சேர்த்துத் தின்னட்டும். "உனக்கு வேண்டாம்ல" என்று தாண்டிப்போகும் கை அந்தப் பிள்ளையைத் தனியாக்கிவிடுகிறது.

படித்துக்கொண்டிருக்கும் உங்களில் பலருக்கு இந்த நோய் உள்ள பிள்ளை வீட்டில் இருக்காது. ஆனால் ஒரு கல்யாண வீட்டிலோ பக்கத்துத் தெருவிலோ பார்ப்பீர்கள். பந்தியில் அந்தப் பிள்ளை இலையில் ஜாங்கிரி விழுந்ததும் "ஐயோ, சுகர் இருக்கிற புள்ளைக்கு யார் வச்சது?" என்று சத்தம் போடாதீர்கள். அந்த அம்மா மனசுக்குள் கிராம் கணக்குப் போட்டு முடித்து ஊசியும் போட்டிருப்பார். யாருக்கும் தெரியாமல் பாக்கெட்டில் திணித்துக் கொடுக்கவும் வேண்டாம். கொடுக்க ஆசையாக இருந்தால் அம்மாவிடம் போய், "இது குடுக்கலாமா, எப்பக் குடுக்கணும்?" என்று கேளுங்கள். பிள்ளை கொஞ்சம் பெரியதாக இருந்தால் அதனிடமே கேளுங்கள். பத்து வயது தாண்டிய எங்கள் பிள்ளைகள் பலர் இலையைப் பார்த்தே கிராம் சொல்லிவிடுவார்கள். அந்தக் கணக்கை நம்பி அவர்களுக்குப் பக்கத்தில் ஓர் இலை போட்டு உட்காருங்கள்.